சோறு தொட்டுக்கொள்ள, காய்தான் சாப்பாடு: சுகருக்கும் தொப்பைக்கும் வீட்டுச் சமையலை மாற்றுவது எப்படி

ஹெச்பிஏ1சி (கடைசி மூன்று மாத சராசரி சுகர்) 8.2, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு கிரேடு 1, எடை 82 கிலோ, சுகருக்கு இரண்டு மாத்திரை, பிபிக்கு ஒன்று. இப்படி ஒரு ரிப்போர்ட் உங்கள் வீட்டு ஃபைலில் இருந்தால் இது உங்களுக்காகத்தான் எழுதியது. உங்களுக்கு இல்லாவிட்டாலும் அப்பாவுக்கோ அக்காவுக்கோ இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நாடு முழுக்க எடுத்து 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர், எல்லையில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 14 பேருக்கு நோய் வந்தாகிவிட்டது. டாக்டரிடம் போனால் "சாப்பாட்டைக் குறைங்க, வாக்கிங் போங்க" என்பார், வெளியே அத்தனை பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அதற்கு மேல் விளக்க அவருக்கும் நேரமில்லை. எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, அந்த இடத்தில் எதைப் போடுவது, போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையை என்ன செய்வது, இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

முதலில் ஒன்று. ஓட்ஸ், கினோவா, அவகாடோ எதுவும் வாங்க வேண்டாம். நம் வீட்டில் ஏற்கெனவே சமைக்கிற சாப்பாடே போதும், அதன் அளவுகளைத் தலைகீழாக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குப் பொரியல். இனி பொரியலும் கூட்டும் பருப்பும் மீனும் சாப்பாடு, சோறு அதற்குத் தொட்டுக்கொள்ள. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை எப்படிச் செய்வது என்பதுதான்.

எடை குறைந்தால் சுகர் ஏன் இறங்குகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தேவைக்கு மேல் சாப்பிடுகிற மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைக்கிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை, ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுமே சாப்பிடாமல் காலையில் எழுந்து பார்த்தால் 160 இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு பதில் இதுதான். அந்தக் கொழுப்பு வழிந்து கணையத்துக்கும் போகும், அங்கே இன்சுலின் சுரக்கும் செல்கள் சோர்ந்துபோகும். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராய் டெய்லர் பல வருடமாகச் சொல்லிவருவது இதைத்தான். அவரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து நடத்திய டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. சில மாதங்கள் கலோரியைக் கடுமையாகக் குறைத்து எடை இறக்கியவர்களில் ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சுகர் கட்டுக்குள் வந்திருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம்.

"நான் ஒல்லிதான், எனக்கு ஏன்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் தெரியும். நம் உடம்புவாகுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) 23 தாண்டினாலே எடை அதிகம் என்றுதான் கணக்கு, வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் 25 நமக்குப் பொருந்தாது. டெய்லர் குழுவே பருமன் இல்லாத 20 பேரை வைத்து இன்னொரு ஆய்வு செய்தது, எடையைக் குறைத்தபின் அதில் 14 பேருக்கு நோய் தணிந்தது. ஆக, எடை மிஷினில் என்ன காட்டுகிறது என்பதைவிட உங்கள் உடம்பு தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டீர்களா என்பதுதான் விஷயம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டைரக்ட் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாம் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். அவர்களிலும் பலருக்கு அடுத்தடுத்த வருடங்களில் எடை திரும்ப ஏறியது, கூடவே சுகரும் ஏறியது. இருபது வருடமாக இன்சுலின் போடுகிறவருக்கு நோய் முழுக்கத் தணிவது கஷ்டம். ஆனால் அவருக்கும் இன்சுலின் அளவு குறையும், மூட்டு வலி குறையும், மூச்சு வாங்குவது குறையும். அதற்காகவே செய்யலாம்.

மாத்திரை விஷயம்: இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

சோற்றைக் குறைத்தால் சுகர் அன்றைக்கே இறங்கும். மாத்திரை மட்டும் பழைய சோற்று அளவுக்கே வேலை செய்துகொண்டிருக்கும், ஆபத்து அங்கேதான். உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் மருந்துப் பெயர் இருக்கும். க்ளிமிபிரைடு, க்ளிக்லசைடு, க்ளிபென்கிளமைடு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, சாப்பாட்டை மாற்றும் முன்பே டாக்டரிடம் போய் "நான் சோற்றைப் பாதிக்கும் கீழே குறைக்கப் போகிறேன், டோஸை எப்படிக் குறைக்கட்டும்?" என்று கேட்டே ஆக வேண்டும். பல அட்டைகளில் மெட்ஃபார்மினோடு இவை சேர்ந்தே வரும், அதனால் மேலே உள்ள பிராண்டு பெயரை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றால் சுகர் தாழ்ந்துபோகும் பயம் மிகக் குறைவு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒரு வகை இருக்கிறது, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. இதைப் போட்டுக்கொண்டு சோற்றை அறவே நிறுத்துவதும் மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ, கீட்டோ டயட் என்று இறங்குவதும் கூடாது. கொழுப்பு எரியும்போது உண்டாகிற கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலமாகிவிடலாம், அப்போது சுகர் மிஷின் சாதாரண எண்ணையே காட்டக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் சிரமம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிபி மாத்திரையும் அப்படித்தான், எடை இறங்க இறங்க டோஸ் அதிகமாகிவிடும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். அப்படி வந்தால் பிபியைப் பார்த்து எண்களை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கை நடுக்கம், சில்லென்ற வியர்வை, படபடப்பு, திடீர் எரிச்சல், இவை வந்தால் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மிஷின் கையில் இல்லையென்றால் பார்ப்பதற்காகக் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியவர்கள், வயதாகித் தளர்ந்துபோனவர்கள் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம், மருத்துவர் கூட இருந்துதான் செய்ய வேண்டும். முயற்சியே இல்லாமல் எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சுகர் கட்டுக்கடங்காமல் போனாலும் அப்படித்தான் இறங்கும். அப்புறம், "இந்தச் சூரணத்தைச் சாப்பிடு, இன்சுலினைத் தூக்கிப் போடு" என்று வாட்ஸ்அப்பில் யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அந்தப் பக்கம் போகாதீர்கள். இன்சுலினை நிறுத்திவிட்டு ஐசியூவில் படுத்தவர்கள் நம் ஊர்களில் நிறைய.

தொடங்கும் முன் அளந்து வையுங்கள்

ஹெச்பிஏ1சி, வெறும் வயிற்று சுகர், கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின், கல்லீரல் டெஸ்ட், கொழுப்பு டெஸ்ட், பெண்கள் என்றால் தைராய்டும். கண்ணை ஒரு முறை காட்டிவிடுங்கள், ஏனென்றால் விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்து சுகர் வேகமாக இறங்கினால் சிலருக்குக் கொஞ்ச காலம் அது மோசமாகும். இதில் சில டெஸ்டுகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, அதைக் கொண்டுவருகிற தன்னார்வலர் அக்காவிடம் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார். டைலர் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து காலண்டரில் எழுதிவையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எடை அசையாத வாரங்களில்கூட இந்த டேப் இறங்கிக் காட்டும்.

இலக்கு என்ன? இருக்கிற எடையில் பத்தில் ஒரு பங்கு. 80 கிலோ என்றால் 8 கிலோ. கல்லீரல் கொழுப்பு 5 சதவீதம் எடை இறங்கும்போதே கரையத் தொடங்கும், வீக்கம் அடங்க 7 முதல் 10 சதவீதம் வேண்டும். வாரம் அரை கிலோ இறங்கினால் அருமை. ரொம்ப வேகமாகப் போகிறவர்களில் சிலருக்குப் பித்தப்பைக் கல், முடி கொட்டுதல் எல்லாம் வரலாம்.

மதியச் சாப்பாடு

இங்கேதான் பெரிய மாற்றம். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், ஒரு மாதம் போதும், அப்புறம் கண்ணே அளந்துவிடும். தட்டைத் தராசில் வைத்து பூஜ்யம் போட்டு, வழக்கமாகப் போடுகிற சோற்றைப் போட்டுப் பாருங்கள். 350 கிராம், 400 கிராம் சாதாரணமாக வரும். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து கிட்டத்தட்ட 28 கிராம், அப்படியென்றால் 400 கிராம் சோற்றில் 110 கிராமுக்கு மேல். அதாவது இருபது டீஸ்பூன் சர்க்கரைக்கு மேல் ஒரே உட்காரலில் உள்ளே போகிறது. சாம்பார் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று தடவை போட்டுக்கொள்வதால் இது நமக்குத் தெரிவதே இல்லை.

இனி 100 முதல் 120 கிராம். ஒரு சின்னக் கிண்ணத்தில் அழுத்தாமல் ஒரு தடவை, அதோடு சரி. தட்டில் முதலில் சோறு போடாதீர்கள். முதலில் பாதித் தட்டுக்குக் காய். அப்புறம் கால் தட்டுக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி ஏதாவது. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் சோறு. சாப்பிடுவதும் அதே வரிசையில், காயையும் பருப்பையும் பாதி முடித்தபின் சோற்றில் கை வையுங்கள். அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிடும்போது சுகர் ஏற்றம் குறைவது ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் குடியுங்கள். மோரும் அப்படியே. இந்த இரண்டையும் டம்ளருக்கு மாற்றினாலே சோறு பாதியாகிவிடும்.

முதல் வாரம் பசிக்கும். மூன்றரை மணிக்கு வயிறு கத்தும். பெரும்பாலும் காய் போதாததுதான் காரணம். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 200 கிராம் காயாவது வேண்டும், நான்கு பேர் வீட்டுக்கு மதியம் மட்டும் முக்கால் கிலோவுக்கு மேல். கால் கிலோ பீன்ஸ் வாங்கி நான்கு பேருக்குப் பொரியல் செய்கிற கணக்கு இனி ஒத்துவராது. புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ, கத்திரிக்காய், வெண்டைக்காய், அவரை, கொத்தவரை, முட்டைகோஸ், வாழைத்தண்டு, வாழைப்பூ, எந்தக் கீரையானாலும் வயிறு நிறையச் சாப்பிடலாம். விலை கேட்டு பயப்படாதீர்கள், சீசன் காயை உழவர் சந்தையில் வாங்கினால் அரிசியிலும் பிஸ்கட்டிலும் மிச்சமாகிற காசே போதும். உருளைக்கிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் இவை காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கு. உருளை வறுவல் வைத்த அன்றைக்குச் சோறு இன்னும் குறைய வேண்டும். நறுக்குவதுதான் பெரிய வேலை, அதை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். ராத்திரி டிவி பார்க்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் காலை அவசரத்தில் "காய் வேண்டாம், அப்பளம் பொரித்துவிடலாம்" என்கிற நிலைமை வராது.

புரதம் நம் சாப்பாட்டில் மிகக் குறைவு. எடை இறங்கும்போது புரதம் போதவில்லை என்றால் கொழுப்போடு தசையும் கரையும், முகம் ஒட்டிப்போய் "என்னப்பா உடம்பு சரியில்லையா?" என்று பார்க்கிறவர்கள் கேட்பது அதனால்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கிற 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம். 100 கிராம் மத்தி மீனில் 20. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, முப்பது கிராம் என்று வையுங்கள், 7. தயிர் ஒரு கிண்ணத்தில் 5, 6. சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் முடியாதது இல்லை. சாம்பாரில் பருப்பு தண்ணீராக ஓடாமல் கெட்டியாக இருக்கட்டும், மீல் மேக்கர், பனீர், பச்சைப்பயறு தினமும் ஏதாவது ஒன்று வரட்டும். மத்தி, சூடை, நெத்திலி எல்லாம் வஞ்சிரத்தைவிடச் சத்தில் எந்த விதத்திலும் குறைந்தவை கிடையாது, விலையோ பல மடங்கு குறைவு. குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம்.

காலையும் ராத்திரியும்: மாவை மாற்றுங்கள்

இட்லி மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. காலையில் நாலு இட்லி, ராத்திரி மூணு தோசை, மதியம் சோறு என்றால் மூன்று வேளையும் அரிசிதான், வடிவம்தான் வேறு. வாரத்தில் பாதி நாளுக்காவது அடை மாவுக்கு மாறுங்கள். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பச்சைப்பயறு தலா அரை டம்ளர், ஒரு கைப்பிடி உளுந்து, புழுங்கலரிசி அரை டம்ளர் மட்டும். மூன்று மணி நேரம் ஊறியதும் காய்ந்த மிளகாய், இஞ்சி, சோம்பு, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள், நைசாக அரைத்தால் கல்லில் ஒட்டும், ருசியும் போய்விடும். புளிக்க வைக்க வேண்டியதில்லை. ஊற்றும்போது பொடியாக அரிந்த வெங்காயமும் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையும் போட்டுக் கலந்து, கல்லில் கையால் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மூடி வையுங்கள். மூடி வைத்தால் எண்ணெய் குறைவாகவே போதும். இரண்டு அடை, கொஞ்சம் தக்காளிச் சட்னி, ஒரு டம்ளர் மோர், மதியம் வரை பசிக்காது. வெல்லமும் வெண்ணெயும் இப்போதைக்கு வேண்டாம்.

முழுப் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை, கீரை போட்ட ஆம்லெட், கிண்ணம் நிறையச் சுண்டல் இவையும் காலைக்கு நல்லவை. இட்லி ஆசை இருந்தால் இரண்டு இட்லி, கூடவே ஒரு முட்டை, சாம்பார் நிறையக் காய் போட்டு. ராத்திரிச் சாப்பாடு ஏழரை மணிக்குள் முடிந்துவிட்டால் அதன்பின் தெருவில் ஒரு கால் மணி நேரம் நடக்கலாம், பத்து மணிக்குத் தோசை தின்றுவிட்டுப் படுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

"சோத்துக்குப் பதிலா சப்பாத்தி" என்று மாறிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சேர்ந்தால் சோற்றுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. சாமை, வரகு, குதிரைவாலி, தினை நல்லவைதான், நார்ச்சத்து கூடுதல், ஆனால் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான். அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் எடை அசையாது. கேழ்வரகுக் கஞ்சி குடித்தால் சுகர் விறுவிறுவென்று ஏறும், அதே கேழ்வரகைக் கீரை போட்டு அடையாகத் தட்டினால் ஏற்றம் குறைவாக இருக்கும். மாவாகக் காய்ச்சிக் குடிப்பது எதுவாக இருந்தாலும் வேகமாக ஏறும், சத்துமாவுக் கஞ்சி உட்பட. பழைய சோறு ஆறியதால் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும் என்பது உண்மை, ஆனாலும் அது சோறுதான், கணக்கில் வரும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் ரத்தத்துக்குச் சர்க்கரையேதான். கருப்பட்டிக் காபி என்றால் சுகருக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டீ, நொறுக்குத்தீனி, எண்ணெய், உப்பு

ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. வாரத்துக்கு அரை டீஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும், அதன்பின் பழைய டீயை வாயில் வைக்க முடியாது. டீயோடு வருகிற பிஸ்கட், ரஸ்க், வர்க்கி, வடைதான் இன்னொரு ரகசியக் கணக்கு. நாலு மணிக்கு வேர்க்கடலை அவித்தது, சுண்டல், வெள்ளரிக்காய், ஒரு கொய்யா, இதில் ஒன்று. பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், ஜூஸ் வேண்டாம். மதுவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னபின் அது அறவே கூடாது.

எண்ணெயைக் கரண்டியால் அளப்பது எந்த வீட்டிலும் நடக்காது. மாதக் கணக்கு வையுங்கள், ஆளுக்கு அரை லிட்டர், நாலு பேருக்கு இரண்டு லிட்டர். பாக்கெட் பிரித்த தேதியைப் பாட்டில் மேல் எழுதிவிட்டால் போகிற வேகம் தெரியும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், எல்லாம் சேர்த்து. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் இவை தினமும் வருகிற வீட்டில் பிபி இறங்காது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது.

உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று நீங்களே பாருங்கள்

சுகர் மிஷினை நாம் தப்பாகத்தான் பயன்படுத்துகிறோம், காலையில் ஒரு குத்து, எண்ணைப் பார்த்துக் கவலை, முடிந்தது. ஸ்ட்ரிப் விலைக்கு அதைவிட நல்ல வேலை வாங்கலாம். சாப்பிட உட்காரும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை. வாரத்தில் இரண்டு சாப்பாட்டுக்குச் செய்தால் போதும். ஒரு நாள் நாலு இட்லிக்கு, இன்னொரு நாள் இரண்டு அடைக்கு. ஏற்றம் 50-க்குள் நின்றால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துவருகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன், 90, 100 என்று போனால் அதன் அளவையோ வரிசையையோ மாற்ற வேண்டும். அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு உடனே பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுப் பாருங்கள், வித்தியாசத்தை எண்ணே சொல்லும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு உப்புமா ஒத்துக்கொள்ளவே இல்லை, பொங்கல் பரவாயில்லை, இதை எந்த டயட் சார்ட்டும் சொல்லியிருக்காது. ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் டோஸைக் குறைக்க அந்த நோட்டுதான் உதவும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் ஒரு மாதம்கூட நிற்காது. எல்லோருக்கும் ஒரே சமையல், சோற்று அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும், வளர்கிற பிள்ளைகளுக்குக் குறைக்க வேண்டியதில்லை. சமைக்கிற அம்மாவுக்கோ மனைவிக்கோ சுகர் இருந்தால் இன்னொரு சிக்கல், எல்லோருக்கும் போட்டுவிட்டு கடைசியில் உட்காரும்போது காய் தீர்ந்திருக்கும், சோறும் ரசமும்தான் மிஞ்சும், பிள்ளை வைத்த மிச்சத்தை வீணாக்கக் கூடாதே என்று அதையும் சாப்பிடுவார்கள். அவர்கள் தட்டுக்கு உரிய காயையும் முட்டையையும் முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள், இல்லையென்றால் எல்லோருமே ஒன்றாக உட்காருங்கள்.

கல்யாணப் பந்தியில் இலையில் முதலில் விழுகிற அவியல், கூட்டு, பொரியலை முடித்துவிட்டு, கூட்டு வாளி மறுபடி வரும்போது தைரியமாகக் கேட்டு வாங்குங்கள். சோறு போட வருபவர் கரண்டியைச் சாய்க்கும் முன்பே இலைமேல் கையை நீட்டிவிட வேண்டும், விழுந்தபின் சொல்லிப் பயனில்லை. பாயசம் இரண்டு வாய். "ஒரு நாள்தானே" என்று சொல்கிற சொந்தக்காரர்களோடு வாதாட வேண்டாம், "டாக்டர் சொல்லியிருக்கார் அத்தை" என்றால் விட்டுவிடுவார்கள். ஆவணி, தை மாதங்களில் வாரம் நாலு பத்திரிகை வரும், அந்த மாதம் எடை ஏறாமல் நின்றாலே வெற்றி.

எடை இரண்டாம் மாதத்துக்குப் பின் பல பேருக்கு நின்றுபோகும். உடம்பு சிறுத்ததால் அதற்கான தேவையும் குறைந்திருக்கும், தவிர கிண்ணச் சோறு மெல்ல மெல்லக் கோபுரமாகியிருக்கும். தராசை மறுபடி எடுங்கள். நடையோடு வாரம் மூன்று நாள் தசைக்கும் வேலை கொடுங்கள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எதுவானாலும். சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வது தசைதான். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் மறுநாள் பசி தாறுமாறாக இருக்கும், அதையும் கவனியுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் கலந்திருக்கும். மாத்திரை எல்லாம் நின்று மூன்று மாதமான பிறகும் 6.5-க்குக் கீழே இருந்தால் அதைத்தான் மருத்துவர்கள் நோய் தணிந்த நிலை என்கிறார்கள். அதன்பிறகும் ஹெச்பிஏ1சியை விடாமல் பார்க்க வேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது. கண், கால், கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் வருடம் ஒரு முறை. வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வையுங்கள், எடை பாருங்கள், இறக்கிய எடையில் இரண்டு கிலோ திரும்ப ஏறிவிட்டது என்றால் ஹெச்பிஏ1சி ஏறும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தராசையும் கிண்ணத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள்.